"ஏன் பல் மருத்துவம்?" – நேர்காணலுக்கு முன் வீட்டில் கேட்க வேண்டிய கேள்வி



கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும் வீட்டுக்காரர்கள் பொறுமையாகப் படியுங்கள். மற்றவர்கள் அப்படிப்பட்ட வீடு எதுவும் தெரிந்தால் அனுப்பி வையுங்கள்.

இந்த வருஷம் ஒரே விஷயமாக இரண்டு பேர் என்னிடம் பேசினார்கள். ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பழைய மாணவர். மகள் அங்கேயே படித்தவள். பல் மருத்துவத்துக்கு விண்ணப்பித்து, நேர்காணலுக்கு அழைப்பும் வந்துவிட்டது. "சார், என்ன கேப்பாங்க, என்ன சொல்லணும்னு எழுதி அனுப்புங்க. மனப்பாடம் பண்ணிருவா" என்றார். இன்னொருவர் நம்ம ஊரிலேயே இருப்பவர். அவருடைய மகளின் நீட் மதிப்பெண்ணுக்கு எம்.பி.பி.எஸ். எட்டவில்லை. பி.டி.எஸ். கிடைக்கும்போல் இருந்தது. "எடுத்துறலாமா சார்? பொண்ணு ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது" என்றார்.

இரண்டு பேருக்கும் என் பதில் ஒன்றுதான். நேர்காணல் இருக்கட்டும், இல்லாமல் போகட்டும். "ஏன் பல் மருத்துவம்?" என்ற கேள்விக்குப் பிள்ளை தன் சொந்த வாயால் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலை நான் எழுதித் தர முடியாது. வாப்பாவும் எழுதித் தர முடியாது. பிள்ளைதான் போய்ப் பார்த்து, செய்து, யோசித்து எடுத்து வர வேண்டும். சிங்கப்பூர்ப் பிள்ளைக்கு அந்தக் கேள்வியைப் பல்கலைக்கழகம் கேட்கிறது. நம்ம ஊர்ப் பிள்ளைக்கு யாரும் கேட்பதில்லை. அதனால் நாம் கேட்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

நம் மாநிலத்தில் ஏன் நேர்காணல் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இளைய தலைமுறைக்கு இது தெரியாது.

ஒரு காலத்தில் இங்கேயும் மருத்துவக் கல்லூரிச் சேர்க்கைக்கு நேர்காணல் இருந்தது. 1970-71 எம்.பி.பி.எஸ். சேர்க்கையில் பாடங்களுக்கு 200 மதிப்பெண், நேர்காணலுக்கு 75. விளையாட்டு, என்.சி.சி., உடல்வலு, பொதுத்திறன் என்று தலைப்பு பிரித்து அந்த 75-ஐப் போட வேண்டும் என்பது விதி. ஆனால் தலைப்பு வாரியாகப் போடாமல் மொத்தமாகப் போட்டிருந்தார்கள். பெரியகருப்பன் என்ற மாணவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். மொத்தமாக மதிப்பெண் போட்டது சட்டப்படி செல்லாது என்றும், 275-ல் 75 என்பது மேலோட்டமாகப் பார்த்தாலே அதிகம் என்றும் நீதிமன்றம் சொன்னது. மாநிலத்தை அலகு அலகாகப் பிரித்துச் சேர்த்த முறையையும் ஏற்கவில்லை. பிறகு 1980-ல் ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரி வழக்கு வந்தது. அங்கே எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்காணலுக்கு 50. ஒரு மாணவனிடம் இரண்டு மூன்று நிமிடம் பேசிவிட்டு அந்த ஐம்பதைப் போட்டிருந்தார்கள். நேர்காணலுக்கு 15 சதவீதத்துக்கு மேல் ஒதுக்கக் கூடாது, கேள்வி பதிலை ஒலிப்பதிவு செய்துவைத்தால் நல்லது என்றெல்லாம் நீதிபதிகள் அந்தத் தீர்ப்பில் எழுதினார்கள்.

மூன்று நிமிடத்தில் ஒரு பிள்ளையை எடை போட முடியுமா? பல வருஷம் வகுப்பெடுத்த எனக்கே ஒரு பிள்ளையைத் தெரிந்துகொள்ள ஒரு பருவம் பிடிக்கும். மூன்று நிமிடத்தில் தெரிவது சட்டையும், பேச்சின் பகட்டும், "யார் மகன்" என்பதும்தான். மீன் விற்கிற வீட்டுப் பிள்ளைக்கு அதில் என்ன கிடைத்திருக்கும்? ஆகவே நேர்காணல் போனது நியாயம்தான். மறுபடி வர வேண்டும் என்று யாராவது சொன்னால் நான் எதிர்ப்பேன்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். 1984-ல் நுழைவுத் தேர்வு வந்தது. 2006-ல் சட்டம் போட்டு அதை எடுத்தார்கள். கொஞ்ச காலம் பிளஸ் டூ மதிப்பெண் மட்டும் போதும் என்று இருந்தது. 2017-லிருந்து அரசு இடங்களுக்கும் நீட். 2020-ல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. அது எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மட்டுமில்லை, பி.டி.எஸ்.ஸுக்கும் உண்டு என்பதைப் பல பெற்றோர் இன்னும் கவனிக்கவில்லை. கவனியுங்கள்.

இத்தனை மாற்றத்திலும் ஒன்று மட்டும் விடுபட்டுப் போனது. நீட் தாளில் 720-க்கு எவ்வளவு என்று பார்க்கிறார்கள். கலந்தாய்வில் தரவரிசை எண் என்ன, எந்த இடம் காலி என்று பார்க்கிறார்கள். "நீ ஏன் இதைப் படிக்க வருகிறாய்?" என்று பதினேழு வயதுப் பிள்ளையைப் பார்த்துக் கேட்க இந்த வரிசையில் ஒருவர்கூட இல்லை. எம்.பி.பி.எஸ்.ஸும் பி.டி.எஸ்.ஸும் ஒரே கலந்தாய்வில் வருகின்றன. மேலே உள்ளது கிடைக்காவிட்டால் கீழே உள்ளது என்று கணினித் திரையில் விருப்பத்தை வரிசைப்படுத்திவிட்டுக் காத்திருக்கிறோம். நான்கு வருஷப் படிப்பு, ஒரு வருஷக் கட்டாயப் பயிற்சி, அதன்பிறகு முப்பது நாற்பது வருஷத் தொழில். எல்லாம் ஒரு பின்னிரவில் மொபைலில் அழுத்தும் பொத்தானில் முடிந்துவிடுகிறது.

விளைவை நான் நேரில் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை, கெட்டிக்காரி, எம்.பி.பி.எஸ். கிடைக்காத வருத்தத்தோடு பி.டி.எஸ். சேர்ந்தாள். முதல் வருஷம் முழுக்க ஒரு கண் அடுத்த நீட் தேர்வின் மேல். மெழுகுக் கட்டியில் பல் செதுக்கச் சொல்வார்கள் அல்லவா, அது அவளுக்கு எரிச்சலாக இருந்ததாம். "டாக்டருக்குப் படிக்க வந்தா ஆசாரி வேலை கொடுக்குறாங்க" என்று என்னிடமே சொன்னாள். அடுத்த நீட்டும் கைகூடவில்லை, முதல் வருஷத்தில் இரண்டு பாடமும் போயின. பிள்ளையின் மேல் குற்றமில்லை. பல் மருத்துவம் பாதிக்குப் பாதி கைவேலை என்று சேரும்முன் யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒன்று வேறு படிப்புக்குப் போயிருப்பாள், அல்லது மெழுகை ஆசையோடு கையில் எடுத்திருப்பாள்.

இப்போது வெளிநாட்டு முறைக்கு வருகிறேன். சிங்கப்பூர், மலேசியா, இங்கிலாந்தில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இது நேரடியாக உதவும். ஊரில் இருப்பவர்களும் தாண்டிப் போகாதீர்கள். வீட்டில் என்ன கேட்பது என்பது இதிலிருந்துதான் வருகிறது.

இங்கிலாந்தில் பல் மருத்துவக் கல்லூரிகள் பலவற்றிலும் எம்.எம்.ஐ. என்ற முறை இருக்கிறது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் உருவானது. ஒரே குழுவின் முன் அரை மணி நேரம் உட்கார்வதற்குப் பதில், பல சிறு அறைகளாகப் பிரித்துவிடுகிறார்கள். அறை வாசலில் ஒரு தாளில் ஒரு சூழ்நிலையோ கேள்வியோ இருக்கும். ஒன்றிரண்டு நிமிடம் படித்துவிட்டு உள்ளே போக வேண்டும். ஐந்து முதல் எட்டு நிமிடம் பேச வேண்டும். மணி அடித்ததும் அடுத்த அறை, வேறு தேர்வாளர். ஓர் அறையில் சொதப்பினாலும் அடுத்த அறைக்காரருக்கு அது தெரியாது. மூன்று நிமிட நேர்காணலில் நம் நீதிமன்றம் கண்ட குறையைக் குறைக்க இப்படி ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள்.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் நேர்காணலோடு கைத்திறன் சோதனையும் வைக்கிறார்கள். கனடாவில் பல் மருத்துவ நுழைவுத் தேர்விலேயே பல வருஷம் சோப்புக் கட்டியைச் செதுக்கிக் காட்டும் பகுதி இருந்தது. அந்தப் பிள்ளை எரிச்சல்பட்ட மெழுகுக் கட்டியை இங்கே வாசலிலேயே கையில் கொடுத்துவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, எப்படித் தயாராவது? ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஒன்று. "ஏன் பல் மருத்துவம்?" என்ற கேள்விக்குப் பிள்ளை எழுதி வைத்திருக்கும் பதிலை வாங்குங்கள். அதில் "பல்" என்று வரும் இடத்திலெல்லாம் "கண்" என்று மாற்றிப் படியுங்கள். வாக்கியம் அப்படியே நின்றால் பதிலைக் கிழித்துப் போடலாம். "சிறு வயதிலிருந்தே பல் மருத்துவராகி மக்களுக்குச் சேவை செய்ய ஆசை." கண்ணுக்கும் பொருந்தும், காதுக்கும் பொருந்தும், கால்நடைக்கும் பொருந்தும். தேர்வாளர் அன்று காலையிலிருந்து இதை எத்தனை தடவை கேட்டிருப்பாரோ! "எங்க உம்மம்மாவுக்குக் கீழ்ப்பல் எல்லாம் விழுந்தபிறகு கஞ்சி மட்டும்தான். பல் செட் வைத்து மூன்றாம் நாள் முறுக்குக் கேட்டார்கள். அன்றைக்குத்தான் பல் என்றால் என்னவென்று யோசித்தேன்" என்று ஒரு பிள்ளை சொன்னால் அது வேறு எதற்கும் பொருந்தாது. அது அந்தப் பிள்ளையின் பதில்.

இரண்டு. போய்ப் பாருங்கள். கீழக்கரையிலும் ராமநாதபுரத்திலும் பல் மருத்துவர்கள் இருக்கிறார்கள். முறையாக அனுமதி கேட்டு, நாலைந்து நாள் ஒரு மூலையில் நின்று பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் வரவேற்பறையிலாவது உட்காருங்கள். தினமும் ஒரு பக்கம் எழுதுங்கள். நோயாளியின் பெயர், அடையாளம் எழுதக் கூடாது. பார்த்ததை மட்டும் எழுதுங்கள். ஊசியைப் பார்த்து அலறிய சிறுவனை மருத்துவர் எப்படிச் சமாளித்தார்? முதுகை வளைத்து எவ்வளவு நேரம் வேலை செய்தார்? வேர் சிகிச்சை செய்து பல்லைக் காப்பாற்றலாம் என்று சொன்னபிறகும் "பிடுங்கி விட்ருங்க" என்று எத்தனை பேர் சொன்னார்கள், ஏன் சொன்னார்கள்? கடலுக்குப் போகிறவருக்கு நான்கு தடவை வந்து போவது என்றால் நான்கு நாள் தொழில் போச்சு. இந்தக் கணக்கைப் புரிந்துகொண்ட பிள்ளை எந்த நாட்டு நேர்காணலிலும் பேசலாம்.

மூன்று. கை. நம்ம கரைப் பிள்ளைகளுக்குக் கைத்தொழில் வறுமை கிடையாது. வலையில் கிழிந்த கண்ணைப் பின்னத் தெரிந்தவன் இருக்கிறான். பனை ஓலையில் பெட்டி முடையத் தெரிந்தவள் இருக்கிறாள். பெருநாளைக்கு முந்தின இரவு தெருவில் பாதிப் பேருக்கு மருதாணி வைக்கிறவள் இருக்கிறாள். இதையெல்லாம் சொன்னால் கேவலம் என்று நினைத்துக்கொண்டு, வாசித்தே இராத கீபோர்டை விண்ணப்பத்தில் எழுதுகிறார்கள்! மருதாணியைச் சொல்லு தாயி. கூம்பின் முனை எவ்வளவு சின்னதாக இருந்தால் கோடு மெலியும், கை நடுங்கினால் எங்கே முட்டுக்கொடுப்பாய், கோடு பிசகினால் அதைப் பூவாக மாற்றுவாயா துடைத்துவிட்டு வைப்பாயா, ஒரே மணி நேரத்தில் ஐந்து கை என்றால் எதை விடுவாய்? இதைப் பேசத் தெரிந்தவள் தன் கையைக் கவனித்திருக்கிறாள் என்று அர்த்தம்.

கூடவே இரண்டு பயிற்சி. ஒரு சாக்பீஸில் பிளேடு வைத்து (பெரியவர் பக்கத்தில் இருக்கட்டும்) கூம்பும் கனசதுரமும் செதுக்கிப் பாருங்கள். இரண்டாவது, கையை நேராகப் பார்க்காமல் முகம் பார்க்கும் கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு நட்சத்திரத்தின் விளிம்பைப் பென்சிலால் வரையுங்கள். முதல் நாள் சிரிப்பு வரும், கை எதிர்ப் பக்கம் ஓடும். மேல் கடைவாய்ப் பல்லைப் பல் மருத்துவர் சின்னக் கண்ணாடியில் பார்த்துத்தான் வேலை செய்கிறார். அவருக்கு அதுதான் அன்றாடம்.

நான்கு. வாயைப் பற்றிக் கொஞ்சம் படியுங்கள், நம்ம ஊர் வாயிலிருந்து தொடங்குங்கள். வெற்றிலை பாக்குப் போடாத கிழவியை நம் கரையில் தேடத்தான் வேண்டும். பாக்கு மட்டும் மென்றாலே புற்றுநோய் வரும், புகையிலை சேர வேண்டும் என்றில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை 2004-ல் வெளியிட்டது. பாக்கு மெல்கிறவர்களுக்கு உள்கன்னம் இறுகி, வாய் திறக்கும் அளவு வருஷா வருஷம் குறைந்துகொண்டே வரும் ஒரு நிலை உண்டு. கடைசியில் ஒரு விரல்கூட நுழையாது. குட்கா, பான் மசாலாவுக்குத் தமிழ்நாட்டில் 2013-லேயே தடை போட்டார்கள். ஆனாலும் மெல்கிற பழக்கம் போகவில்லை. புற்றுநோயின் முதல் அறிகுறியைப் பல சமயம் முதலில் பார்க்கக்கூடியவர் பல் மருத்துவர்தான், ஏனென்றால் வாயைத் திறந்து காட்டுவது அவரிடம்தான். பல் மருத்துவம் என்றால் அழகுக்குப் பல் வரிசை சரிசெய்வது என்று நினைக்கும் பிள்ளை இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அப்படியே தர்மபுரிப் பக்கம் தண்ணீரில் புளோரைடு மிகுந்து பல்லில் கறை படிவதையும் படியுங்கள். பல்லைக் காக்கும் அதே பொருள் அளவு மீறினால் பல்லைக் கெடுக்கிறது. இந்த ஒன்றை வைத்தே ஓர் அறையில் ஐந்து நிமிடம் பேசலாம்.

ஐந்து. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நேர்காணலில் நெறி சம்பந்தமான ஓர் அறை நிச்சயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயதான அம்மாவை மகன் கூட்டி வருகிறார். கேள்வியெல்லாம் அம்மாவிடம் கேட்டால், பதிலெல்லாம் மகன் சொல்கிறார். "எல்லாப் பல்லையும் எடுத்துருங்க" என்கிறார். நீ என்ன செய்வாய்? இப்படித்தான் இருக்கும். புத்தகத்தில் படித்த பிள்ளை "நோயாளியின் சம்மதம் முக்கியம்" என்று ஒரு வரி சொல்லிவிட்டு நிறுத்திவிடும். ஏர்வாடிப் பிள்ளையிடம் நான் அதற்கு மேல் எதிர்பார்க்கிறேன்.

"உன் ஊர் எது?" என்று கேட்டால் நம் பிள்ளைகள் சிலர் "ராமநாதபுரம் பக்கம்" என்று மழுப்புகிறார்கள். ஏர்வாடி என்று சொன்னால் எதிரில் இருப்பவர் மனநோயையும் சங்கிலியையும் நினைப்பார் என்று ஒரு கூச்சம். மழுப்ப வேண்டாம் பிள்ளைகளே. 2001 ஆகஸ்ட் 6, விடியும் முன் ஒரு காப்பகத்தின் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அதன்பிறகு அப்படிப்பட்ட காப்பகங்களை மூடினார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. மனநோய் உள்ளவரை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. நம் தர்காவிலேயே துஆவோடு மருந்தும் கிடைக்க அரசு ஏற்பாடு செய்தது. நம்பிக்கையோடு வருகிறவரை விரட்டாமல், வைத்தியத்தையும் மறுக்காமல் இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்த்தார்கள்.

பல் மருத்துவத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். பல் மருத்துவரின் நாற்காலியில் படுத்திருப்பவரை நினைத்துப் பாருங்கள். தலை கீழே, விளக்கு கண்ணில், வாய் நிறையக் கருவி. வலித்தாலும் "வேண்டாம்" என்று சொல்ல வாய் இல்லை. அவருடைய வாய் மருத்துவரின் கையில் இருக்கிறது. அதனால்தான் நல்ல மருத்துவர் ஆரம்பிக்கும் முன்னாலேயே "வலிச்சா இடது கையைத் தூக்குங்க, நிறுத்திருவேன்" என்று சொல்கிறார். கையைத் தூக்கினால் நிறுத்தவும் செய்கிறார். பேச முடியாத நிலையில் இருப்பவரிடம் எப்படி நடந்துகொள்வது என்பதுதான் அந்த அறையின் கேள்வி. தன்னால் பேச முடியாதவர்களை ஊரே பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அந்தக் கேள்வி புதிதா? மகனை மரியாதையாக ஒரு நிமிடம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, அம்மாவின் கண்ணைப் பார்த்து "உங்களுக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்பேன் என்று அந்தப் பிள்ளை சொல்ல வேண்டும். ஊரை மறைத்துக்கொண்டு போகிற பிள்ளை தன்னிடம் இருக்கிற நல்ல பதிலையும் சேர்த்து மறைத்துவிடுகிறது.

ஆறு. பேச்சு. ஆங்கிலத்தில் நேர்காணல் என்றால் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். கேள்வி புரியாவிட்டால் "தயவுசெய்து இன்னொரு தடவை சொல்ல முடியுமா?" என்று கேளுங்கள், அதற்கு மதிப்பெண் குறையாது. புரியாமல் நீட்டி முழக்கினால்தான் குறையும். தெரியாததைத் "தெரியாது, தெரிந்துகொள்ள இப்படி முயற்சி செய்வேன்" என்று சொல்லுங்கள். தெரியாததைத் தெரிந்ததுபோல் பேசுகிறவர் கையில் நாளைக்குத் துளையிடும் கருவியைக் கொடுக்க யாருக்கு மனம் வரும்? எதிர்ப்பக்கம் நியாயம் இருந்தால் "நீங்க சொல்றதும் சரிதான்" என்று ஏற்றுக்கொள்ளுங்கள். மனப்பாடம் மட்டும் வேண்டாம். மனப்பாடம் செய்த பிள்ளையின் கண் மேலே போய்விடும். வகுப்பில் அந்தக் கண்ணைப் பார்த்தே நான் கண்டுபிடிப்பேன், அவர்களும் கண்டுபிடிப்பார்கள்.

இனி, நேர்காணலே இல்லாத நம்ம ஊர்ப் பெற்றோருக்கு.

"சார், கிடைச்ச சீட்ட எடுக்குறதுதான் எங்களுக்குக் கட்டுப்படியாகும். விருப்பம், பொருத்தம்னு யோசிக்கிறதெல்லாம் வசதியுள்ளவங்களுக்கு" என்று சிலர் சொல்வீர்கள். நியாயமான பேச்சு. இருந்தாலும் எனக்கு அது தலைகீழாகத்தான் படுகிறது. வசதியுள்ளவர் வீட்டுப் பிள்ளை இரண்டு வருஷம் வீணாக்கிவிட்டு வேறு படிப்புக்கு மாறிக்கொள்ளும். நகையை வைத்துப் படிக்கிற வீட்டில் ஒரு வருஷம் வீணானால் அடுத்த பிள்ளையின் படிப்பும் சேர்ந்து போகும். நமக்குத்தான் முன்கூட்டிக் கேட்டுக்கொள்வது அவசியம்.

"எம்.பி.பி.எஸ். கிடைக்காதவன் படிக்கிறது பி.டி.எஸ்." என்று கல்யாண வீட்டில் பேசுவதையும் நிறுத்துங்கள். இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை 1920-ல் கல்கத்தாவில் தொடங்கியவர் டாக்டர் ரபியுத்தீன் அகமது. அமெரிக்காவுக்குப் போய் இதையே விரும்பிப் படித்துவிட்டு வந்தவர். சென்னையில் 1953-லிருந்து அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சிதம்பரத்தில் இருக்கிறது. இப்போது புதுக்கோட்டையிலும் வந்துவிட்டது, நமக்குப் பக்கம். விரும்பிப் போகிற பிள்ளைக்கு இது முதல் தரமான படிப்பு. விருப்பமில்லாமல் போகிற பிள்ளைக்கு எம்.பி.பி.எஸ்.ஸும் சுமைதான்.

கலந்தாய்வுக்கு ஒரு மாதம் முன்னால் ஒரு நாள், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, டிவியை நிறுத்திவிட்டுப் பிள்ளையிடம் இந்த ஐந்தையும் கேளுங்கள்.

1. ஒரு பல் மருத்துவர் வேலை செய்வதை நீ நேரில் பார்த்திருக்கிறாயா? என்ன பார்த்தாய்?
2. ஒரே இடத்தில் குனிந்து, சின்ன இடத்தில், கையால் மணிக்கணக்கில் வேலை செய்வது உனக்குப் பிடிக்குமா? இதுவரை அப்படி என்ன செய்திருக்கிறாய்?
3. ரத்தம், எச்சில், வாய்நாற்றம் இதெல்லாம் தினமும் இருக்கும். முடியுமா?
4. அடுத்த வருஷம் எம்.பி.பி.எஸ். கிடைக்காது என்று இன்றைக்கே உறுதியாகத் தெரிந்தாலும் இதைப் படிப்பாயா?
5. படித்து முடித்து எங்கே, யாருக்கு வைத்தியம் பார்ப்பாய்?

நாலாவது கேள்விதான் முக்கியமானது. அதைக் கேட்டுவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள். வாப்பா முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லும் பிள்ளைகள் நம்ம ஊரில் அதிகம். தேவையென்றால் மாமாவோ பெரியம்மாவோ கேட்கட்டும். "இல்லை" என்று பதில் வந்தால் கோபப்படாதீர்கள். அந்த "இல்லை" இரண்டாம் வருஷ நடுவில் வருவதைவிட இன்றைக்கு வருவது எல்லோருக்கும் மலிவு. செவிலியர் படிப்பு, மருந்தியல், இயன்முறை மருத்துவம், மீன்வளம், வேளாண்மை என்று வழி நிறைய இருக்கிறது. "ஆமாம்" என்று தெளிவாக வந்தால், ஊர் என்ன சொன்னாலும் பிள்ளையின் பக்கம் நில்லுங்கள்.

சிங்கப்பூர் மாணவருக்கும் இந்த ஐந்து கேள்வியைத்தான் அனுப்பினேன், பதில் எதுவும் எழுதவில்லை. அவர் மகள் தானே எழுதிய மூன்று பக்கத்தை எனக்கு அனுப்பியிருக்கிறாள். தமிழில் எழுத்துப்பிழை ஏராளம், ஆனால் ஒரு வரிகூட இரவல் இல்லை. நம்ம ஊர்ப் பிள்ளை கீழக்கரையில் ஒரு மருத்துவரிடம் மூன்று நாளாகப் போய் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு பேருக்கும் முடிவு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. இரண்டு பேரும் இப்போது வாயைத் திறந்து பேசுகிறார்கள் என்பது மட்டும் தெரியும்.

இந்த வருஷம் பன்னிரண்டாம் வகுப்பு எழுதும் பிள்ளைகள், எந்தப் படிப்புக்கு ஆசைப்பட்டாலும் சரி, "ஏன்?" என்று ஒரு பக்கம் கையால் எழுதி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். வெள்ளிக்கிழமை தவிர எந்த நாளும் மாலை ஐந்து மணிக்கு மேல் இருப்பேன். நான் திருத்தித் தர மாட்டேன், கேள்வி கேட்பேன். வெளியூரில் இருப்பவர்கள் வீடியோவில் கூப்பிடுங்கள். பதிவில் விடுபட்டதை, பல் மருத்துவம் படித்த என் பழைய மாணவர்கள் கீழே வந்து எழுதினால் பிள்ளைகளுக்கு உதவும்.

எல்லாப் பிள்ளைகளும் நல்லா வரணும்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்
ஏர்வாடி